இளைப்பு இல்லாதவர்கள்

செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். செக்காலை ரோட்டில் இருக்கும் என் மருத்துவமனையில் அப்போது பதினொன்றாவது டோக்கன் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு லேபைத் திறக்க வேண்டிய ஜெசிந்தா இன்னும் வரவில்லையே என்று அரைமணி நேரமாக நான் எல்லோரிடமும் கடுகடுத்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்த போன் அடித்தது. அவருடைய கணவர் சேவியர் வாத்தியார் பேசினார்.

"டாக்டர், ஜெசிந்தா நம்மள விட்டுப் போயிட்டா. பூசை முடிஞ்சு வந்து வாசல்ல செருப்பக் கழட்டுனா. அப்பிடியே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு, குழந்தைக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எழுதினேன். அதன் தாயிடம் நீட்டி, "அடுத்த ரூம்ல ஜெசிந்தாம்மா இருப்பாங்க, குடுங்க," என்று சொன்னேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று அதற்குமேல் நோயாளிகளைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவின் தேவாலயப் பங்கிலிருந்து அவர் நினைவாக இந்தச் சிறு மலரைக் கொண்டுவருகிறவர்கள் என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். இதைப் படிக்கப்போகும் உங்களில் பாதிப்பேரின் கையில் அவர் ஊசி குத்தியிருப்பார். அவர் குத்தினால் வலிக்காது என்று சொல்லிக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவீர்கள். அந்த ஜெசிந்தாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் இருவருக்கும் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. அதில் நான் தோற்றேன். சண்டையின்போது பலர் முன்னிலையில் அவரை ஒரு சொல் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. நம் பக்கத்தில் ஆஸ்துமா ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்து, மதுரையில் நடக்கும் மருத்துவர் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் எல்லாம் பெரிய ஊர்களில் பேராசிரியர்களாகிவிட்டார்கள். நான் இருமல் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற குறை உள்ளுக்குள் இருந்தது. ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சீமைக்கருவேல மகரந்தமோ வீட்டுத் தூசியோ மூச்சோடு உள்ளே போனதும், அந்த எதிர்ப்பொருள் அதைப் பகையென்று எடுத்துக்கொண்டு உடம்பையே களேபரமாக்கிவிடுகிறது. மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்கும் இளைப்பு வருகிறது. இதை நான் ஜெசிந்தாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர், "வீட்டுக்கு வந்தவுக விருந்தாளின்னு தெரியாம நாய அவுத்து விட்டுர்ற மாதிரி. அதானே டாக்டர்?" என்றார். என் படத்தைவிட அது நன்றாக இருந்தது. அதன்பிறகு எங்கள் பேச்சில் அந்த எதிர்ப்பொருளுக்கு நாய் என்றே பெயர்.

தோலில் மகரந்தச் சாற்றை ஒரு துளி விட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறி, தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனையை முதலில் செய்யவேண்டியிருந்தது. மருந்துக் குப்பிகள் வந்த அன்றே ஜெசிந்தா தன் இடது கையை மேசைமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். "முதல்ல என் கை. அப்புறம் ஊரார் கை," என்றார். கால் மணி நேரத்தில் தூசிச் சாறு விட்ட இடத்தில் கால் ரூபாய் அளவுக்குத் தடித்தது. அவருக்கே தூசி ஒவ்வாமை இருந்தது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. தடிப்பைச் சுற்றி நீல பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, அதன்மேல் செலோ டேப்பை ஒட்டி எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் பதித்தார். அளவெடுக்க அதுதான் வழி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நோயாளியிடமும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இது என் கை. நானும் உயிரோடதான் இருக்கேன்," என்பார். பயந்த பிள்ளைகள்கூடக் கையை நீட்டிவிடும்.

அவருடன் வேலைக்காக வெளியே போவது வேடிக்கையாக இருக்கும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்குத் திறக்கும்போது, சென்னையிலிருந்து வருகிறவர்கள் இரண்டாம் நாளே இளைப்போடு என்னிடம் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு, மெத்தைத் தூசி எடுப்பதற்காக இருவரும் போனோம். அந்த வீட்டு ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல தூசியா? நாலு ஆளு விட்டு மூணு நாளாக் கூட்டித் தள்ளியிருக்கேன்," என்றார். ஜெசிந்தா பணிவாகச் சொன்னார். "கூட்டுனதுலதான் ஆச்சி வந்துச்சு. அதுபாட்டுக்குப் படுத்துக் கெடந்தத எழுப்பி விட்டுட்டீக." ஆச்சி சிரித்துவிட்டார். மெத்தை அறையின் சாவிக்கொத்தையே ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும் வாசல் கூடத்தில் காப்பி வந்தது.

ஆஸ்துமாக்காரர்களின் ரத்தம் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆட்களின் ரத்தமும் வேண்டும். அதற்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடி என்று முடிவு செய்தேன். தரைக்கல் செய்யும் பட்டறைகளிலும் சுற்றியுள்ள வயல்களிலும் வேலை செய்கிறவர்கள் நாள் முழுவதும் மணலிலும் சிமெண்டிலும் மண்ணிலும் நிற்கிறார்கள். ஆனால் இளைப்பு என்று அவர்களில் ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை. ஆரோக்கியத்துக்கு அவர்களைவிட உதாரணம் வேறு யார்? ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜெசிந்தாவைக் கூப்பிடவில்லை. நானே போனேன். பட்டறை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, "இளைப்பு உண்டா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இல்லை என்றவர்களுக்கு ரத்தம் எடுத்தேன். நோட்டில் "நலமானவர்கள்" என்று தலைப்பிட்டு, அடியில் நம்பரும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த எதிர்ப்பொருளை அளக்கும் கருவி அப்போது மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. ஜெசிந்தா தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீர் உள்ள குழாய்களை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போவார். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் மீனா என்று கேட்பார்களாம். இல்லை, ரத்தம் என்றால் சீட் முழுவதும் தனக்கே கிடைத்துவிடுகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வாரம் கழித்து முடிவுகளைக் கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது, சரி. ஆனால் என்னுடைய ஆத்தங்குடி ஆட்களில் ஒன்பது பேருக்கு அது நோயாளிகளையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது. தும்மல்கூட இல்லாத ஒன்பது பேர்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. "குழாய் ரேக்கை மாத்தி வச்சுட்டீங்க. பஸ்ல தூங்கிட்டே போனா இப்படித்தான். என் ரெண்டு வருஷ உழைப்பு போச்சு," என்று கத்தினேன். அவர் மிச்சம் வைத்திருந்த சீரத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் மதுரைக்குப் போனார். திரும்பி வந்தபோது அதே ஒன்பது பேர், கிட்டத்தட்ட அதே அளவுகள்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஒன்பது பேரைத் தவிர்த்தால் என் கட்டுரை அழகாக நின்றது. சேர்த்தால் ஒன்றுமே நிற்கவில்லை. சிவப்பு மையால் ஒன்பது பெயர்களையும் அடித்து நோட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"அடிச்சுட்டீக, சரி. காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீக. அதுல என்ன எழுதட்டும்?" என்றார்.

"கோளாறுன்னு எழுதுங்க."

"யாருகிட்ட கோளாறுன்னு எழுதட்டும், டாக்டர்?"

அவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். பிறகு, என்னிடம் அவர் சொன்னதிலேயே கடுமையான வாக்கியத்தை மிகவும் மெதுவாகச் சொன்னார். "அவுக ரத்தம் பொய் சொல்லல. நம்ம அவுகள ஒழுங்காக் கேக்கல." மறுநாள் இரண்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவர் வந்தபோது கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தைல டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அந்த ஒன்பது பேரையும் வீடு வீடாகத் தேடிப்போய், வெட்கப்பட்டவர்களிடம் மணிக்கணக்கில் பேசி, மலம் வாங்கி வந்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். நான் குனிந்து பார்த்தேன். கொக்கிப்புழுவின் முட்டைகள். வெறுங்காலோடு மண்ணில் நிற்கிறவர்களின் பாதத்தோல் வழியாக உடம்புக்குள் ஏறுகிற புழு. அடுத்த ஸ்லைடிலும் அதே. ஒன்பதில் எட்டுப் பேருக்குப் புழு இருந்தது.

"நாய் சும்மா குரைக்கல டாக்டர். வீட்டுக்குள்ள திருடன் இருந்திருக்கான்," என்றார்.

குடலில் புழு இருந்தால் அந்த எதிர்ப்பொருள் ஏறும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நான் வைத்திருந்த புத்தகத்திலேயே, நான் படித்த அத்தியாயத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் அது இருந்தது. நான் ஆஸ்துமாவோடு நிறுத்திக்கொண்டேன். படித்தவன் செய்கிற தவறு இது. அவர் அந்த அத்தியாயத்தைப் படித்ததில்லை. ஆட்களைப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. "உங்க முப்பத்தொண்ணாம் நம்பர் வெளிய உக்காந்திருக்காக. கொஞ்சம் பாருங்க," என்றார்.

முப்பத்தொன்றாம் நம்பரின் பெயர் முத்துராக்கு. பட்டறையில் மணல் சலிக்கிறவர். இருபத்தைந்து வயது இருக்கும். உள்ளே வந்து நின்றவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதக் கர்ப்பம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம்போல் வெளுத்திருந்தது. இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. புழு அவ்வளவையும் குடித்திருந்தது. அப்படியே பிரசவத்துக்குப் போயிருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருக்க மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கையில் கட்டுக்கட்டி நான்தான் ரத்தம் எடுத்தேன். அதே முகத்தைப் பார்த்துத்தான் "நலமானவர்கள்" என்று எழுதினேன்.

"அன்னைக்கே தலை சுத்தல், அசதின்னு இதெல்லாம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க இளைப்பு இருக்கான்னுதான கேட்டீக. தலை சுத்துதான்னு கேக்கலையே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அன்றே முத்துராக்குவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜெசிந்தா தன் பங்கிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து ரத்தம் கொடுக்கவைத்தார். மற்றவர்களுக்குப் புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் போனது. முத்துராக்குவுக்கு மாசி மாதம் பெண் பிறந்தது. இருவரும் நன்றாக இருந்தார்கள்.

மதுரைக் கூட்டத்தில் நான் எல்லாப் பெயர்களையும் சேர்த்தே வாசித்தேன். நல்லவனாகிவிட்டதால் அப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாசிக்காமல் திரும்பி வந்தால் ஜெசிந்தாவின் முகத்தில் விழிக்கமுடியாது என்ற பயம்தான். முன்வரிசையிலிருந்த ஒரு பெரிய மருத்துவர், "ஆக, உங்கள் ஆரோக்கியமானவர்கள் உங்கள் நோயாளிகளைவிட நோயாளிகள்," என்றார். அரங்கம் சிரித்தது. கட்டுரையை யாரும் அச்சிடவில்லை. திரும்பி வந்து ஒரு மாதம் வரைக்கும் ஜெசிந்தாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு லேபைத் திறந்தார். வழக்கம்போல என் மேசையில் முடிவுகளை வைத்தார். என் கோபம் தானாகவே வெட்கப்பட்டுப் போய்விட்டது. ஆனால் ரேக்கை மாற்றிவைத்தீர்கள் என்று நோயாளிகள் முன்னால் கத்தினேனே, அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

ஜெசிந்தாம்மா, நீங்கள் எதையும் மாற்றிவைக்கவில்லை. தவறு என்னுடையது. அன்று வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது இதைப் படித்தால், அவர்களும் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகம். மண் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒரு பெண் வந்து கும்பிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. அடையாளம் தெரியாமல் விழித்தேன்.

"முத்துராக்குங்க. ஆத்தங்குடி. இது பொன்னழகு."

கன்னம் உப்பி, கண்ணில் விஷமத்தோடு அந்தச் சிறுமி என்னைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் சாவு ஆத்தங்குடிவரை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். முத்துராக்கு ஆச்சரியப்பட்டார்.

"தெரியாம எப்பிடிங்க? வருசா வருசம் மழை முடிஞ்சதும் வருவாகல்ல. அங்குட்டு பட்டறை வாசல்ல உக்காந்துக்கிட்டு எல்லாருக்கும் கண்ண இழுத்துப் பாப்பாக. மாத்திரை குடுப்பாக. காலுல செருப்பு இல்லைன்னா வைவாக. நீங்கதான் அனுப்புறீகன்னுல்ல சொன்னாக."

நான் அனுப்பியதே இல்லை. வருடத்தில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"இந்த வருசம் யாரு வருவாகங்க?" என்று முத்துராக்கு கேட்டார். அதற்குள் சேவியர் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார், நான் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் லேபைத் திறந்து அவருடைய அலமாரியில் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் செலோ டேப் பழுப்பேறியிருந்தது. அதற்கு அடியில் அவர் கையிலிருந்து எடுத்த நீல வட்டம் இன்னும் அழியாமல் இருந்தது. ஆத்தங்குடிப் பக்கத்தைப் புரட்டினேன். நான் சிவப்பு மையால் அடித்த ஒன்பது பெயர்களுக்கும் பக்கத்தில், நீல மையில் அதே பெயர்களை மீண்டும் எழுதியிருந்தார். மேலே "நலமானவர்கள்" என்ற என் தலைப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "இளைப்பு இல்லாதவர்கள்" என்று எழுதியிருந்தார். எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. என்னிடம் காட்டவில்லை. அந்த நோட்டை மதுரைக் கூட்டத்துக்குப் பிறகு ஒருமுறைகூட நான் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டு. சேவியர் வாத்தியாரிடம் கேட்டு என்னுடையதாக வாங்கிக்கொண்டேன். 

போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். ஜெசிந்தா உட்காருகிற இடம் அதுதான் என்று முத்துராக்கு காட்டினார். நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். தலைப்பு எதுவும் எழுதவில்லை. முதல் ஆளாகப் பொன்னழகு வந்து, கேட்பதற்கு முன்பே முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது பழக்கம். கீழ் இமையை விரலால் இழுத்தேன்.

"எப்பிடி இருக்கு?" என்று அவளே என்னைக் கேட்டாள்.

நல்ல சிவப்பாக இருந்தது. அவள் பெயரை எழுதிவிட்டு, "தலை சுத்துதா? அசதி இருக்கா? வேற என்னம்மா செய்யுது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.